மணிக்கு நூத்தி இருபத்தெட்டு

உங்க கையில கட்டியிருக்கறது அப்பப்ப வெளிச்சம் அடிக்குதுங்களே, அது நடக்கறதை எண்ணுமுங்களா? அதான் நெனச்சேன். என்ற மச்சான் பையனும் ஒண்ணு கட்டியிருக்கறான். தூங்கறதைக்கூட எண்ணுமாம். இல்லீங்க, நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எத்தனை அடி நடந்தீங்கன்னு அது உங்களுக்கு மட்டும் சொல்லுதுங்களா, வேற யாருக்காச்சும் சேத்திச் சொல்லுதுங்களா?

தெரியாதுங்களா. சரி உடுங்க. எங்களுக்கும் அப்பத் தெரியலை.

தாராபுரம் வரைக்குமுங்களா? நான் கொடுவாய்ல எறங்கிக்குவேன். ஞாயித்துக்கெழமை பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சதே பெருசு. இந்தப் பையை உங்க காலுகிட்ட வெச்சுக்கறேன். மிச்சரும் ஆரஞ்சும் இருக்குது. ஒருத்தரைப் பாக்கப் போறேன், வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா. போய் ஒரு விசயம் கேக்கோணும். கோவில்வழி ஸ்டாப்புல ஏறுனதுல இருந்து எப்படி ஆரம்பிக்கறதுன்னு ரோசிச்சுட்டே வர்றேன். உங்ககிட்ட மொதல்ல இருந்து சொல்லிப் பாத்தா வாய்க்கு வந்துருமோ என்னமோ.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். இருபத்திமூணு வருசமாச்சு. லைன்னா ஒரே வரிசையில முப்பத்தாறு தையல் மிஷின். ஒருத்தரு தோளை மூட்டுவாங்க, அடுத்த ஆளு கழுத்துப்பட்டி வெப்பாங்க, அதுக்கு அடுத்த ஆளு கை ஏத்துவாங்க, கடைசியில முழுச் சட்டையா வந்து விழுகும். நடுவுல ஒரு ஆளு நின்னா அத்தனையும் நிக்கும். நிக்காமப் பாத்துக்கறதுதான் என்ற வேலை. கத்தறதுதான் வேலைன்னும் சொல்லிக்கலாம். இப்ப இந்தத் தொண்டை இப்படிக் கரகரங்குதே, பீடி சிகரெட் ஒண்ணும் கெடையாதுங்க, கத்திக் கத்தியே போனதுதான்.

முந்தின கம்பெனியில என்ற லைன்ல சாந்தாமணின்னு ஒரு பொம்பளை. கை ஏத்தற ஆளு. அந்த வேலை இருக்குதுங்களே, லேசுப்பட்டதில்லை. வளைவான துணியில வளைவான துணியை வெச்சுத் தைக்கோணும், ஒரு நூல் எட நழுவுனாலும் சட்டை தோளுல தூக்கிக்கும். அவ தைச்சா தூக்காது. ஆளு பேச மாட்டா. காலையில எட்டரைக்கு வந்து உக்காந்தான்னா, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். புருசன் இல்லை, ஒரு புள்ளை இருக்குது. கொடுவாய்ல இருந்து தெனமும் பஸ்ஸுல வருவா. இந்தப் பஸ்ஸுதான்னு வெச்சுக்குங்களேன்.

எண்ணற பொட்டின்னு ஒண்ணு அப்புறம் வந்துச்சு, சொல்றேன். அது வர்றதுக்கு முந்தி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கை ஏத்துனான்னு யாரும் எண்ணுனதில்லீங்க. ஒரு நாளைக்கு இத்தனை கட்டுன்னு மொத்தமாத் தெரியும். மணிக்கு எம்பத்தஞ்சு வந்திருக்கும். அது நல்ல ஓட்டமுங்க. நடுவுல டீ குடிப்பாங்க, நூலு அறுந்தாக் கோத்துக்குவாங்க, பக்கத்து ஆளுகிட்டப் புள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அதெல்லாம் சேத்தித்தான் எம்பத்தஞ்சு.

எங்க ஊருல ஒரு பழக்கமுங்க. வெளிநாட்டுல இருந்து பையர் வர்றான்னா, அதாவது சட்டையை வாங்கற பார்ட்டி, அதுக்கு நாலு நாள் முந்தியே கம்பெனி கல்யாண ஊடு ஆயிரும். கக்கூஸுல புது சோப்பு இருக்கும். முதலுதவிப் பொட்டியில மருந்து இருக்கும். தண்ணி டிரம்முக்கு டம்ளர் வந்துரும். கையில ஊசி ஏறித் துணி சுத்தியிருக்கற ஆளுங்களை அன்னைக்கு லீவு போடச் சொல்லிருவோம். மத்த பேரெல்லாம் முகமூடி கட்டிட்டு, பேசாமக் கொள்ளாம, சர்ரு சர்ருனு ஓட்டுவாங்க. பையர் பாத்துட்டு நல்லாருக்குது நல்லாருக்குதும்பான். அவன் காரு கேட்டைத் தாண்டுனதும் சோப்பு ஸ்டோர் ரூமுக்குப் போயிரும். பொண்ணு பாக்க வர்றப்பப் பக்கத்து ஊட்டு நகையை வாங்கிப் போடறதில்லீங்களா, அந்த மாதிரி. அதுல பொய்யின்னு ஒண்ணும் இல்லீங்க, ஒரு மரியாதைதான். போட்டவங்களுக்கும் தெரியும், பாக்க வந்தவங்களுக்கும் தெரியும்.

அந்தப் பழக்கத்துலதான் வந்துச்சு வெனை. இல்லையில்லை, வெனை பொட்டியில வந்துச்சு. பழக்கத்தைக் குத்தம் சொல்லக் கூடாது.

மூணு வருசத்துக்கு முந்தி எங்க மொதலாளி ஒரு கூட்டத்துக்குப் போனாரு. சூப்பர்வைசருங்க எங்களையும் கூட்டிட்டுப் போனாரு. பெரிய ஓட்டல்ல, ஏசியில. கோட்டு போட்ட ஒரு ஆளு, ஒலகத்துல இருக்கற மிஷினெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசப் போகுது, அப்படிப் பேசுனா நாட்டோட பொருளாதாரம் இத்தனை சதவீதம் ஏறிப்போகும்னு படம் போட்டுக் காட்டுனாரு. கீழ இருந்து ஒரு கோடு மேல போச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். சாப்பாட்டுக்கு பிரட் அல்வாவெல்லாம் போட்டாங்க. மிஷினும் மிஷினும் பேசுனா பேசிட்டுப் போகுது, நமக்கென்னன்னு இருந்தேன். அது நம்மளைப் பத்தித்தான் பேசப் போகுதுன்னு அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லலீங்க.

அடுத்த மாசம் வந்துருச்சு. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பொட்டி, மிஷினுக்கு ஒண்ணா முப்பத்தாறும் அடியில ஒட்டிட்டாங்க. ஊசி எப்ப ஓடுது, எப்ப நிக்குது, எத்தனை தைக்குதுன்னு பாத்து அனுப்பிட்டே இருக்குமாம். லைன் தலைமாட்டுல டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன். அதே ஸ்கிரீனு கடல் தாண்டிப் பையரோட ஆபீசுலயும் தெரியும். அவன் அங்க காபி குடிச்சுட்டே, இங்க பதினேழாம் நம்பர் மிஷின் நிக்குதுன்னு பாக்கலாம். பதினேழுதான் சாந்தாமணி.

ஒட்டறதுக்குப் பெங்களூர்ல இருந்து பிரணவ்னு ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், வாய்க்கு வாய் அண்ணா அண்ணாம்பான். அவன் சொன்னான், அண்ணா, இந்த ஒரு வாரம் பொட்டி சும்மா பாக்கும், உங்க ஆளுங்க வழக்கமா எப்படி ஓட்டுவாங்களோ அப்படியே ஓட்டட்டும், நீங்க ஒண்ணும் மாத்த வேண்டாம்னு.

பாக்கும்னு சொன்னானுங்க. பாக்கறாங்கன்னா காட்டோணுமில்லீங்களா? இருபது வருசம் அதைத்தானே படிச்சிருக்கறேன்.

அதனால காட்டுனேன். எல்லா எடத்துலயும் காட்டுனேன், ஆனா கை ஏத்தற எடந்தான் லைனுக்கு நெஞ்சு, அங்க நெம்பக் காட்டுனேன். சாந்தாமணிக்குப் புது ஊசி, நல்ல நூலு. தடிச்ச துணியை எடுத்துட்டு மெல்லிசுத் துணியாப் போட்டேன். பக்கத்துக்கு ஒருத்தரா ரெண்டு கைமடியை நிறுத்துனேன். கைமடின்னா பீஸை எடுத்துக் குடுக்கறவங்க, வாங்கி அடுக்கறவங்க. வழக்கமா லைனுக்கே மூணு பேருதான். அவளுக்கு டீ உக்காந்த எடத்துக்கே வந்துச்சு. சோத்துக்குப் பத்து நிமிசம்.

மொத நாளு சாயங்காலமே சொன்னா, அண்ணா, தோள்பட்டை பிடிக்குதுங்கன்னு. அவ வாயைத் தொறந்து சொல்றதே அபூர்வம். நான் என்னங்க பண்றது? பக்கத்துல போய் நின்னு, நல்லபடியாத்தான் சொன்னேன்.

“அம்மிணி, ஒரு வாரந்தான். பொட்டி பாத்துட்டுப் போயிரும். அப்புறம் நீ உன்ற பாட்டுக்கு ஓட்டு.”

தலையாட்டுனா. ஓட்டுனா. ஏனுங்க, நீங்க பாத்திருக்கோணும். துணி அவ கைக்கு வர்றது தெரியும், போறது தெரியும், நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியாது. கைமடி ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்திப் போச்சு. லைனே திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. என்ற லைன், என்ற ஆளு.

சனிக்கெழமை பிரணவ் லேப்டாப்பை மடியில வெச்சுட்டுக் கூப்பிட்டான். அண்ணா, பதினேழாம் மிஷின் மணிக்கு நூத்தி இருபத்தெட்டு வருது, இது இவங்களோட வழக்கமான வேகந்தானான்னு கேட்டான். மொதலாளி பக்கத்துல நின்னு மீசையைத் தடவிட்டு இருந்தாரு. ஆமாங்க சார்ன்னேன். அந்தப் பையன் என்ற மொகத்தை ஒரு பார்வை பாத்துட்டு மறுக்காவும் கேட்டான்.

“அண்ணா, இதை அடிப்படையா வெச்சுரலாமா? அப்புறம் மாத்த முடியாது.”

“வெச்சுருங்க சார். எங்க லைனுக்கு இது சாதாரணம்.”

டக்குனு ஒரு தட்டு. அவ்வளவுதான். படிச்ச பையன், ஊரு ஊராப் போய் ஒட்டற பையன், அவனுக்குத் தெரிய வேண்டாமுங்களா, ஒரு மனுசக் கை மணிக்கு நூத்தி இருபத்தெட்டு ஓட்டாதுன்னு? அவன் மேலதான் எனக்கு வருத்தம்.

திங்கக்கெழமை கைமடிங்களை எடுத்துட்டேன். மெல்லிசுத் துணி போய்த் தடிச்ச துணி வந்துச்சு. டீ பழைய எடத்துக்குப் போயிருச்சு. சோப்பும் ஸ்டோர் ரூமுக்குப் போயிருச்சு. பொட்டி மட்டும் போகலை.

ஸ்கிரீனைப் போட்டாங்க பாருங்க, லைனு பூராச் செகப்பு. கை ஏத்தற எடத்துக்கு நேரா, வர வேண்டியது நூத்தி இருபத்தெட்டு, வந்தது எம்பத்திரெண்டுன்னு நிக்குது. எம்பத்திரெண்டுங்கறது நல்ல ஓட்டமுங்க. முந்தின வாரம் வரைக்கும் அதுக்கு நான் சபாஷ் சொல்லியிருப்பேன். இப்ப அது செகப்பு. முப்பத்தாறு பேருல முப்பது பேரு செகப்பு.

செகப்பைப் பாத்துப் பாத்துப் புள்ளைங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. துணியில்லாம வெறும் மிஷினைக் காலால அமுத்தி ஓட்டுனாப் பச்சை வரும். நாலஞ்சு நாளு நல்லாப் பச்சையா இருந்துச்சு, சட்டையைத்தான் காணோம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பையரை ஏமாத்தறீங்களே, இது நாயமான்னு லைனுக்கு நடுவுல நின்னு கத்துனேன். ஒரு புள்ளை களுக்குனு சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

சித்த நவுந்துக்கறீங்களா, வெயில் அடிக்குது. ஆங், போதுமுங்க.

மூணு மாசம் கழிச்சுப் பையர் போன் பண்ணிப் பேசுனான். உங்க ஆளுங்களுக்கு நூத்தி இருபத்தெட்டு வருமுன்னு உங்க மிஷினே சொல்லுது, ஆனா எம்பதுதான் ஓட்டறாங்க, மீதி நேரம் சும்மா இருக்கறாங்க, சும்மா இருக்கறதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கோணும், சட்டை வெலையைக் கொறைன்னான். மொதலாளி எதுத்துப் பேச முடியலை. பேசுனா என்னன்னு பேசுவாரு? அது பொய் நம்பருன்னா? கொறைச்சாரு. கொறைச்ச வெலைக்குக் கட்டுபடியாகோணும்னு இன்னும் அதிகமாத் தைச்சோம். அந்த வருசம் அனுப்புன அளவுக்கு எங்க கம்பெனி அதுக்கு முந்தி எந்த வருசமும் சட்டை அனுப்புனதில்லை. ஆனா மொதலாளி ஒரு நாள் என்ற பக்கத்துல வந்து உக்காந்து, அதிகமா அனுப்பி அதிகமா அழுகறோம் நாச்சிமுத்துன்னாரு. அந்தக் கோட்டு போட்ட ஆளு காட்டுன கோடு ஏறாம இல்லீங்க, ஏறித்தான் இருக்கும். எந்த ஊட்டுல ஏறுச்சுன்னு தெரியலை.

அதோட போச்சுன்னா பரவாயில்லை. எங்க கம்பெனியில தினகர்னு ஒருத்தரு, பையரோட பேசறதுக்குன்னு இருக்கற ஆளு. அவரு ஒரு நாள் போன்ல ஒரு போட்டோ காட்டுனாரு. எத்தியோப்பியாவுல பையரோட இன்னொரு கம்பெனியாம். நம்மளை மாதிரியேதான் லைன், நம்மளை மாதிரியே மிஷின், அடியில அதே பொட்டி. ஒல்லியா ஒரு புள்ளை, பதினெட்டு இருபது வயசு இருக்கும், மணிக்கட்டுல துணி சுத்தியிருக்குது. தலைக்கு மேல ஸ்கிரீன். ஸ்கிரீன்ல நூத்தி இருபத்தெட்டு.

கேட்டேன், இது என்னங்க, நம்ம நம்பரு அங்க எப்படிப் போச்சுன்னு. தினகர் சொன்னாரு, ஒரு எடத்துல ஒரு வேலைக்கு அதிகபட்சம் எவ்வளவு வருதோ, அதைத்தான் பையர் எல்லா நாட்டுக்கும் வெப்பான், பங்களாதேசுக்கும் அதுதான், வியட்நாமுக்கும் அதுதான்னாரு. நாட்டுக்கு நாடு அந்த நம்பரை வெச்சுத்தான் வெலை பேசறானாம். அங்க தொண்ணூத்தஞ்சு வருது, உங்களுக்கு எம்பத்திரெண்டுதான், அங்கயே குடுத்துக்கறேன்னு நம்மகிட்டச் சொல்றது. நம்மூருல இதைவிடக் கம்மி வெலைக்குத் தர்றாங்கன்னு அங்க சொல்றது. நாலு நாட்டையும் மோத உட்டு வேடிக்கை பாக்க அவனுக்கு ஒத்தை நம்பரு போதும்.

எனக்கு அந்தப் புள்ளை மொகம் மறக்கவே மாட்டேங்குதுங்க. எந்த ஊரோ, என்ன பாசையோ, அது தலைக்கு மேல நம்ம சாந்தாமணி கை.

அப்புறந்தான் சட்டம் வந்துச்சு. சட்டம்னா சர்க்காரு சட்டமில்லை, கம்பெனிச் சட்டம். தொடர்ந்து மூணு வாரம் யாரு செகப்புலயும் கடைசியில நிக்கறாங்களோ அவங்களை நிறுத்திரோணும். பேரு ஸ்கிரீன்லயே வந்துரும், நான் போய்ச் சொன்னாப் போதும். மொத மாசம் ரெண்டு பேரு. அடுத்த மாசம் மூணு. நாந்தானே சொல்லோணும். அது வரைக்கும் இத்தனை வருசத்துல நான் யாரையும் வேலையை உட்டுத் தாட்டுனதில்லீங்க, கத்துவேன், அதோட சரி. இப்பக் கத்தறதே இல்லை. கிட்டப் போய் மெதுவாச் சொல்லிட்டு வந்துர்றது. அதுல வர்ற அசதி இருக்குதே, கத்துனாக்கூட வராது.

நாலாவது மாசம் பதினேழு வந்துச்சு.

ஆமாங்க. அந்த வாரத்துக்கு அப்புறம் அவ தோளு சரியாகவே இல்லை. எம்பத்தஞ்சு எம்பதாச்சு, எம்பது எழுவத்தஞ்சாச்சு. நல்லா இருந்திருந்தாலும் எம்பத்தஞ்சுதான், அதுவும் செகப்புத்தான். மொதலாளிகிட்டப் போய், சார், இந்தப் பொம்பளை நம்ம நல்ல ஆளுங்கன்னேன். அவரு ஸ்கிரீனைக் காட்டுனாரு. நான் என்னங்க பண்றது? இன்னொரு விசயமும் சொல்லியிருக்கலாம், அந்த நம்பரே இவளோடதுதானுங்க, இவ கையை வெச்சே நாம இவளைத் தோக்கடிக்கறோம்னு. சொன்னா அப்புறம் அந்த ஒரு வாரத்துக் கதையெல்லாம் வெளிய வரும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது.

சாயங்காலம் மிஷினைத் தொடைச்சுட்டு இருந்தா. தெனமும் தொடைச்சுட்டுத்தான் போவா. சொன்னேன். அவ துணியை மடிச்சு மிஷின் மேல வெச்சுட்டு ஸ்கிரீனைப் பாத்தா.

“அண்ணா, இந்த நூத்தி இருபத்தெட்டு யாரு ஓட்டுனதுங்க?”

அந்த வாரம் அவளுக்கு நம்பரு ஒண்ணும் காட்டலை பாருங்க, பொட்டி சும்மாதானே பாத்துட்டு இருந்துச்சு. யாரோ, பெங்களூர்ல இருந்து கொண்டாந்த நம்பரு அம்மிணின்னேன்.

மறுக்கா ஸ்கிரீனைப் பாத்துச் சொன்னா.

“யாரோ புண்ணியவதி. அவ கை நல்லாருக்கோணும்.”

அவ்வளவுதான். சோத்துப் பையை எடுத்துட்டுப் போயிட்டா. கிண்டலாச் சொன்னாளா, நெசமாச் சொன்னாளான்னு உங்களுக்குத் தோணும். நெசமாத்தானுங்க சொன்னா. அவளுக்குக் கிண்டலெல்லாம் வராது. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. என்ற சம்சாரம் கேட்டா, என்னன்னு. கம்பெனியில வேலை ஜாஸ்தின்னேன்.

அவளைத் தாட்டி ஒம்பது மாசத்துல லைனே போச்சுங்க. ஆர்டரெல்லாம் மொத்தமா எத்தியோப்பியாவுக்கே போயிருச்சு. மிஷினுங்களைக் கழட்டி வித்தாங்க, பொட்டியை மட்டும் பத்திரமாத் துணியில சுத்தித் திருப்பி அனுப்புனாங்க, அது வாடகையாம். நானும் வெளிய வந்தேன். ஆறு மாசம் சும்மா இருந்தேன். ஊட்டுல சும்மா இருந்து பாத்திருக்கீங்களா நீங்க? சம்சாரம் ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா பாத்திரம் வெக்கற சத்தத்துல சொல்லிருவா. இப்ப ரெண்டு மாசமா கோவில்வழிப் பக்கம் ஒரு கம்பெனி. சின்னக் கம்பெனி, ஒரே லைன், நாப்பது பேரு. மொதலாளி சின்ன வயசு. ஊட்டை அடமானம் வெச்சு ஆரம்பிச்சிருக்கறாரு.

போன வாரம் அவரு கூப்பிட்டுச் சொன்னாரு, அண்ணா, பெரிய பையர் ஒருத்தன் பாக்கறேன்னு சொல்லியிருக்கறான், நமக்கு யோகம் வந்துருச்சுன்னு. சந்தோசமுங்கன்னேன். ஆனா பொட்டி ஒட்டோணுமாம்னாரு.

நாளைக்குத் திங்கக்கெழமை ஒட்டறாங்க. ஒரு வாரம் சும்மா பாக்குமாம்.

நான் பழைய கதையை அவருகிட்டச் சொன்னேனுங்க, எல்லாத்தையும் இல்லை, முக்காவாசி சொன்னேன். இந்தத் தடவை கம்மியாக் காட்டிரலாமுங்க, எழுவது எழுவத்தஞ்சுன்னு காட்டுனா நாப்பது பேரும் நிம்மதியா ஓட்டலாம்னேன். அவரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தாரு. நடந்துட்டு, அண்ணா, எழுவத்தஞ்சுன்னு காட்டுனா அவன் அன்னைக்கே போயிருவான், எத்தியோப்பியாவுல இப்ப நூத்திப்பதினஞ்சு வந்துருச்சாம், நூத்தி முப்பதாச்சும் காட்டுனாத்தான் நம்ம பக்கம் திரும்பியே பாப்பான்னாரு. வரலைன்னா நாப்பது பேருக்கும் வேலை இல்லைன்னாரு. அதுவும் நெசந்தானுங்க. கம்மியாக் காட்டுனா இன்னைக்கே சாவு, ஜாஸ்தியாக் காட்டுனா ஒரு வருசம் கழிச்சுச் சாவு. ஒரு வருசங்கறது சும்மாவுங்களா? என்ற பெரிய புள்ளை பன்னெண்டாவது முடிச்சுரும்.

அப்புறம் ரோசிச்சேன், நூத்தி முப்பது யாரால முடியும்னு. எங்க லைன்ல இருக்கறதெல்லாம் வடக்கத்திப் புள்ளைங்க, பாவம், இப்பத்தான் பழகுது. திருப்பூரு முழுக்கத் தேடுனாலும் ஒரே ஆளுதான்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

அவளை வேலைக்குச் சேக்கறதா நான் சொல்லவே இல்லீங்களே. லைன்ல பேரே வராது. பொட்டி பாக்கற வரைக்கும் வந்து ஓட்டிக் குடுத்துட்டு அவ பாட்டுக்கு ஊட்டுக்குப் போயிரலாம். செகப்பு அவளுக்கு வராது. அது அங்க இருக்கற புள்ளைங்களுக்குத்தான் வரும், அதுகளை நான் பாத்துக்கறேன். பஸ்ஸுல வர வேண்டாம், கம்பெனி வேனை அனுப்பறேன்னு மொதலாளியே சொல்லிட்டாரு. இந்தத் தடவை மூணு கைமடி போட்டுரலாம்.

நேத்துப் போன் பண்ணுனேன், அவ மவதான் எடுத்துச்சு. அம்மாவுக்குக் கையைத் தலைக்கு மேல தூக்க முடியறதில்லை மாமா, நாந்தான் சடை பின்னி உடறேன்னுச்சு. எனக்குக் கொஞ்சம் வெசனமாத்தான் போச்சு. அப்புறம் ரோசிச்சுப் பாத்தேன், மிஷின் ஓட்டறதுக்குக் கையைத் தலைக்கு மேல தூக்க வேண்டியதில்லீங்களே. நெஞ்சு மட்டத்துலதானே ஓடுது. இருந்தாலும் நல்ல தைலமா ஒண்ணு வாங்கியிருக்கறேன், அந்தப் பையில அடியில இருக்குது பாருங்க.

நம்பரு யாரோடதுன்னு மறுக்காக் கேட்டான்னா என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. கேக்க மாட்டா. கேக்கற பொம்பளை இல்லீங்க அது.

இதா, கொடுவாய் வந்துருச்சு. அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. பாத்து, ஆரஞ்சு நசுங்கிரப் போகுது. உங்க வாட்ச்சு மறுக்கா வெளிச்சம் அடிக்குது பாருங்க, உக்காந்தே இருக்கீங்கன்னு சொல்லுதாட்டம் இருக்குது. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க, அதுக்கு முன்னால ஒரு நாளைக்கும் அதிகமா நடந்து காட்டிராதீங்க.

வரட்டுங்களா. உங்ககிட்டச் சொன்னதும் நல்லதாப் போச்சு, வாய்க்கு வந்துருச்சு. வேற ஒண்ணும் சுத்தி வளைக்க வேண்டியதில்லை. போனதும் சொல்லிரலாம்: அம்மிணி, ஒரு வாரந்தான்.